கீறல் விழாத கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று கேட்பாய். ஃபோன் யாரிடம் இருக்கிறது? உன் அழைப்பு வந்தவுடன் எங்கிருந்தாலும் ஓடி வந்து எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மடியில் வைத்துக்கொள்கிறார். நீ என்னைக் கேட்கிற கேள்விக்கும் அவரே பதில் சொல்கிறார். என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று போன வாரம் கேட்டாய். "அதெல்லாம் பறந்து போயிடுச்சு, இப்ப ஓடுறா" என்று சொன்னது யார்? வலிக்கிற முட்டி என்னுடையது. அதனால்தான் கடிதம். இதில் அவர் குறுக்கே புகுந்து பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய பாதுகாப்புக் கண்ணாடியை அப்பா போட்டுக்கொள்கிறாரா என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். பார்சல் வந்த அன்று பட்டறைத் தெருவையே கூட்டிவிட்டார். லேத் கடைக்காரர், பெயிண்ட் அடிப்பவர், டீ கொண்டுவந்தவர் என்று எல்லோருக்கும் காட்டினார். "எம் பொண்ணு வேலை செய்யற கம்பெனியில இது இல்லாம வாசலத் தாண்ட விடமாட்டாங்களாம்" என்று ஒரே பெருமை. ஒருவரையும் தொட விடவில்லை. அப்புறம் வீட்டுக்குக் கொண்டுவந்து ஷோகேஸில், நீ ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறது.

அவ்வப்போது எடுத்து, அதோடு வந்த மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார். போட்டுக்கொண்டு போங்கள் என்றால், "பட்டறையில போட்டா கீறல் விழுந்துடும்டி" என்கிறார். அதில் கீறல் விழுந்தால் இன்னொன்று வாங்கலாம், கண்ணில் விழுந்தால் எந்தக் கடையில் போய் வாங்குவீர்கள் என்று கேட்டேன். இவளுக்கு ஒரு பொருளின் அருமை எங்கே தெரியப் போகிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நீ வீடியோவில் வந்த அன்று கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நீயும் சூப்பராக இருக்கிறது என்றாய். அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எல்லாம் பொய் என்று நான் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். நீ என்ன செய்தாய்? அம்மா டாட்டா காட்டுகிறாள் என்று நினைத்து நீயும் கையை ஆட்டினாய். ஃபோனை வைத்த அடுத்த நிமிடம் கண்ணாடி ஷோகேஸுக்குப் போய்விட்டது. அப்பாவும் மகளும் சேர்ந்து என்னைப் பைத்தியக்காரி ஆக்குகிறீர்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். வெல்டிங் வைக்கும்போது முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி பதித்த தகடு பிடிக்கிறார். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பற்றவைத்த இடத்தை கிரைண்டரில் தேய்க்கும்போது வெறுங்கண்தான். பொறி எந்தப் பக்கம் பறக்கும் என்று இவருக்குத் தெரியுமாம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கிக்கொண்டால் போதுமாம். இப்போதெல்லாம் மூக்கு கிரைண்டரில் உரசுகிற அளவுக்குக் குனிகிறார்.

நான் ரொம்பப் பேசினால், "நீ மட்டும் எண்ணெயில பொரிக்கும்போது கண்ணாடி போட்டுக்கிறியா?" என்று என்னை மடக்குகிறார். சரி என்று ஷோகேஸைத் திறந்து, அதை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். இதைப் பார்த்தாவது ரோஷம் வரும் என்று நினைத்தேன். ஓடி வந்தார். "ஐயையோ, எண்ணெய்ப் பிசுக்கு படியப் போவுது, கழட்டு கழட்டு" என்று என் மூக்கிலிருந்து உருவிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவினார். இந்த மனுஷனிடம் நான் என்னதான் செய்வது?

தெருவில் மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. லேத் கடைக்காரரை எல்லோரும் 'குண்டூசி' என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். ஏன் என்று தெரியுமா? யார் கண்ணில் இரும்புத்தூள் விழுந்தாலும் அவரிடம்தான் போகிறார்கள். அவர் கடை வாசலில் வெயில் விழுகிற இடத்தில் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் உட்கார வைத்து, இமையைத் தீக்குச்சியில் சுருட்டி, குண்டூசித் தலையால் தூளை எடுத்து நகத்தில் வைத்துக் காட்டுவார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். கையைக் கூடக் கழுவுவதில்லை. பான்ட்டில் துடைத்துக்கொள்வார். இப்படி ஒரு வைத்தியர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது கண்ணாடி எதற்கு என்பதுதான் இந்தத் தெருவின் எண்ணம்.

மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் பட்டறைக் கூரை ஒழுகுகிறது. நீ அடுத்த முறை பேசும்போது கண்ணாடி விஷயத்தைக் கொஞ்சம் கடுமையாகச் சொல். நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நலம் விரும்பும்
அம்மா

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் உன் அப்பா வந்துவிட்டார். வலது கண் சிவந்து தண்ணீராகக் கொட்டுகிறது. கிரைண்டர் பொறியாம். குண்டூசி எடுத்துவிட்டாராம், ஒன்றும் இல்லையாம். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒன்றும் இல்லை என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

❖

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "நீதாம்மா கண்டிப்பா இருக்கணும்" என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. நான் கண்டிப்பாக இருந்து இருந்து தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ ஃபோனில் கேட்டபோது, "லேசா தூசி, அன்னிக்கே போயிடுச்சு" என்று சொன்னாரே, அது முழுப் பொய். நடந்ததைச் சொல்கிறேன். தூள் கருவிழியில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது. குண்டூசி அதைக் கிளறி எடுத்தார். மறுநாள் காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே முடியவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன். கண் டாக்டர் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்று சிரிக்கிறார். குண்டூசியைத்தான் சொல்கிறார்.

நேராக மருந்துக்கடைக்குப் போய், கண் சிவந்திருக்கிறது, நல்ல மருந்தாக ஒன்று கொடு என்று கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். சீட்டு இல்லை, பரிசோதனை இல்லை. கேட்டவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஆனால் போட்டதும் சிவப்பு குறைந்துவிட்டது. அவ்வளவுதான், ஐயாவைப் பிடிக்க முடியவில்லை. "டாக்டர்கிட்ட போயிருந்தா நாள் பூரா உக்கார வெச்சிருப்பான், பாத்தியா" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். குண்டூசிக்கு இரண்டு டீ.

சிவப்பு போன கையோடு வலி வந்தது. வெளிச்சம் பட்டால் கத்தி குத்துகிற மாதிரி இருக்கிறது என்று ஜன்னலை எல்லாம் சாத்தச் சொல்கிறார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் மருந்தை விடுவதில்லை. ஒரு சொட்டுக்கு ரெண்டு சொட்டு. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சொன்னால், "உன் கண்ணத்தான் மொதல்ல காட்டணும்" என்கிறார்.

இந்தக் கண்ணோடு பட்டறைக்கும் போகிறார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரிய இரட்டைக் கதவு செய்து கொடுத்தார். போய் மாட்டினால் இரண்டு கதவும் சேரவில்லை. நடுவில் என் கையே நுழைகிறது. சுவர் கோணல் என்று கொத்தனாரோடு சண்டை. கொத்தனார் நூல் பிடித்துக் காட்டினார். சுவர் நேராகத்தான் இருந்தது. உன் அப்பா செய்த கதவு சேராமல் போனதை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்கு எப்படியோ இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் இவர் டாக்டரிடம் வர மாட்டார்.

அதனால் இன்று காலை ஒரு வேலை செய்தேன். அவர் வருவதற்கு முன்னால் பட்டறைக்குப் போய் மெயின் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெல்டிங்கும் இல்லை, கிரைண்டரும் இல்லை, மின்விசிறி கூட இல்லை. கட்டைகளை எங்கே ஒளித்தேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். உன் வாயில் எதுவும் நிற்காது. கரண்ட் ஆபீஸில் புகார் கொடுப்பேன் என்று குதிக்கிறார். கொடுங்கள், என் பெயரை எழுதிக் கொடுங்கள் என்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்தால்தான் கரண்ட்.

நீ வர வேண்டாம். இப்போதுதான் அங்கே வேலை நிரந்தரம் ஆகியிருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா

❖

அன்பு மகளே,

கடைசியில் வந்தார். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார், யாரோ எவளோ என்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேள். சிரிப்பதா அழுவதா என்று நீயே முடிவு செய்துகொள். எழுத்து வாசிக்க வைக்கிற அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஒவ்வொருவரும் வாசிப்பது நன்றாகக் கேட்டது. உன் அப்பா உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். பயத்தில் சாமியைக் கூப்பிடுகிறார் போல என்று நினைத்து, எனக்குக் கூட மனசு இளகிவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் வலது கண்ணை மூடி, இடது கண்ணால் வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. விளக்குப் போட்டால்தான் தெரியும். அந்த நர்ஸ் பெண் சுவிட்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள், இவர் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை கடகடவென்று ஒப்பித்து முடித்துவிட்டார். விளக்கே எரியவில்லை! அந்தப் பெண் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றுவிட்டாள். டாக்டரம்மா இவர் பக்கம் திரும்பி, "ஞாபக சக்தி பிரமாதமா இருக்கு. இப்ப கண்ணு எப்படி இருக்குன்னு பாப்போமா?" என்று கேட்டார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விளக்கைப் போட்டு, எழுத்துப் பலகையையும் மாற்றினார்கள். மேல் வரியில் இருந்த ஒற்றைப் பெரிய எழுத்தைக்கூட இவரால் சொல்ல முடியவில்லை. இதற்குத்தான் நான் தயாராக இல்லை, மகளே. அடிபட்டது வலது கண்ணில். இடது கண் நல்ல கண் என்று இத்தனை நாளாக நான் நிம்மதியாக இருந்தேன்.

இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறதாம். இன்று நேற்று வந்தது இல்லையாம். வராந்தாவில் வைத்துக் கேட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "ரொம்ப நாளா பிளாஸ்டிக் கவர் வழியா பாக்கற மாதிரிதான் இருக்கு. வலதுதான் ஓட்டுது" என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், கண் தெரியாத வெல்டரிடம் யார் ஜன்னல் செய்யக் கொடுப்பார்கள் என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார். கண்ணாடி விஷயத்தையும் அப்போதுதான் சொன்னார். ஒரு முறை பட்டறையில் ரகசியமாகப் போட்டுப் பார்த்தாராம். வேர்வையில் ஆவி படிந்து, தேய்க்கிற கோடே தெரியாமல் போய்விட்டதாம். "இருக்கற வெளிச்சமும் போயிடுச்சோன்னு பயந்துட்டேன்டி" என்றார். கீறல் விழும் என்பதெல்லாம் நம் இருவருக்கும் சொன்ன சாக்கு. நன்றாகத் தெரிந்த ஒரே கண்ணைக் காப்பாற்றுவதற்கு வந்த பொருளை, சரியாகத் தெரியவில்லை என்பதற்காகவே கழற்றி வைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

வலது கண்ணைப் பற்றி டாக்டரம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் தெரிந்துகொள். இரும்புத்தூளை எடுத்தவர் முழுதாக எடுக்கவில்லை. துரு கருவிழியிலேயே தங்கிவிட்டது. ஊசி பட்ட இடத்தில் கிருமி போய்ப் புண் ஆகிவிட்டது. கடையில் வாங்கிய மருந்து சிவப்பை மட்டும் அமுக்கிவிட்டு, உள்ளே கிருமி வளர இடம் கொடுத்திருக்கிறது. தூள் விழுந்தால் கசக்காமல், கிளறாமல், சுத்தமான தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டு அன்றே வந்திருந்தால் சின்ன வேலை என்றார். மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, "இத யாரு எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார். உன் அப்பா, நான்தான் என்று எதையோ சாதித்தவர் மாதிரி கையைத் தூக்கினார்.

மணிக்கு ஒரு தரம் மருந்து ஊற்றச் சொல்லி இங்கேயே படுக்க வைத்திருக்கிறார்கள். நானும் கூடவே இருக்கிறேன். ஒவ்வொரு தரமும், வேண்டாம், எரிகிறது என்று சின்னப் பிள்ளை மாதிரி தலையைத் திருப்புகிறார். தாடையைப் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுகிறேன்.

குண்டூசி பார்க்க வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார். எத்தனையோ பேர் கண்ணில் எடுத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்றார். அவர்களில் எத்தனை பேர் அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று உங்களிடம் வந்து சொன்னார்களா என்று கேட்டேன். வாங்கி வந்த பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஸ்டூலை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டதாகக் கேள்வி. இப்போது எடுத்து என்ன பிரயோஜனம்?

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்கிறார். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம். செய்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நீ பதறாதே. வர வேண்டாம்.

உன் அம்மா

❖

என் அன்பு மகளுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலது கண்ணில் புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறின இடம் வெள்ளைத் தழும்பாக நிற்கிறது, சரியாக நடுவில். அந்தக் கண்ணால் கை அசைந்தால் நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான். பின்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கலாம் என்கிறார்கள். முதலில் இடது கண்ணில் புரையை எடுத்துவிட்டால் அது நன்றாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டரம்மா அடித்துச் சொல்கிறார். நாளும் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அளவெடுத்து, அவர் பார்வைக்குத் தகுந்த மாதிரி, பக்கமும் மூடியிருக்கிற, ஆவி படியாத கண்ணாடி செய்துகொள்ளலாமாம். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

இவ்வளவு நல்ல சேதி சொல்லியும் உன் அப்பா மாட்டேன் என்கிறார். "ஒன்னு போச்சு. இருக்கற ஒன்னையும் கத்தியில குத்தச் சொல்றியா?" என்று கேட்கிறார். பயம்தான். அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பயம் என்று ஒத்துக்கொண்டால் பேசி ஆற்றலாம். இவர் பயம் என்று சொல்ல மாட்டார். கண் நன்றாகத் தெரிகிறது, எதற்கு ஆபரேஷன் என்பார். டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரை நானே கூட்டி வந்து பேச வைத்தேன். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து, ஊர்க்கதை எல்லாம் பேசி அனுப்பிவிட்டு, "அவன் கண்ணு வேற, என் கண்ணு வேற" என்று முடித்துவிட்டார். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தெரிகிற லட்சணத்தைச் சொல்கிறேன். டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்துவிட்டு, யார் தட்டிவிட்டது என்று கேட்கிறார். படியை எண்ணி இறங்குகிறார். வாசலில் யாராவது வந்து நின்றால் முதலில் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் வாயைத் திறக்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே நிற்பார். குரல் கேட்டதும், "நீதானா, தூரத்துலயே பாத்துட்டேன்" என்பார். வருகிறவர்கள் எல்லோரும் நம்பிவிட்டுப் போகிறார்கள். நானும் பல மாதம் நம்பியவள்தான். இதோடு பட்டறையையும் திறக்கப் போகிறாராம். கையே பார்த்துக்கொள்ளுமாம். ஃபியூஸ் கட்டைகள் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். பேனா சத்தம் கேட்டிருக்கும். யாருக்கு என்றார். மகளுக்கு என்று சொல்லிவிட்டேன். ஒளித்து ஒளித்து எனக்கும் அலுத்துவிட்டது. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "குடு, நானும் ரெண்டு வரி எழுதறேன்" என்று கையை நீட்டினார். கொடுத்தேன். தாளை மூக்குக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, நாக்கை மடித்துக்கொண்டு, ரொம்ப சிரத்தையாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இனிமே நீ சொல்றத அவ நம்ப மாட்டா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார். நீ இதற்குள் பார்த்திருப்பாய். என் எழுத்துகளுக்கு மேலேயே எழுதியிருக்கிறார். தாளின் கீழ்ப்பாதி வெறுமையாகத்தான் இருந்தது. அவர் எழுதினதை உன்னால் வாசிக்க முடிந்ததா என்று தெரியாது, அதனால் நானே சொல்கிறேன்: "மகளே, அப்பாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அம்மா பேச்சைக் கேட்டுக் கவலைப்படாதே." அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு தாளில் எழுதி அனுப்பலாமா என்று நினைத்தேன். மனசு வரவில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

இரண்டு கடிதத்தில் வர வேண்டாம், வர வேண்டாம் என்று எழுதினேன். இப்போது மாற்றி எழுதுகிறேன். லீவு கொடுத்தால் வா. கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கிக்கொண்டு வா. ஆபரேஷன் நாளுக்கு முன்னால் வந்துவிடு. வருவதாக அவரிடம் சொல்லாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், கொடுமையாக இருக்கும், ஆனால் செய். வாசலுக்கு வந்ததும் அப்பா என்று கூப்பிடாதே. பேசாமல் நில். அவர் பார்க்கட்டும். எல்லோரிடமும் சிரிக்கிற மாதிரி உன்னைப் பார்த்தும் சிரித்துக்கொண்டு, நீ யார் என்று உன் வாயிலிருந்து வருவதற்குக் காத்து நின்றார் என்றால், நீ அழாதே, பொறுத்துக்கொள். அதற்கப்புறம் அவரே கையெழுத்துப் போட்டுவிடுவார். உன்னைத் தெரியாமல் நின்றதற்கு அவரால் எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

அப்படி இல்லாமல், பார்த்த உடனே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார் என்றால், நான் எழுதியதெல்லாம் தப்பு. உன் முன்னாலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஃபியூஸ் கட்டைகளையும் கையில் கொடுத்துவிடுகிறேன். இந்த ஒரு தடவை மட்டும் அவரிடம் தோற்றுப்போக வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

பத்திரமாக வந்து சேர், என் செல்வமே.

உன் அம்மா